பகான் சுவரோவியம் பலகைக்கு வருகிறது: இதுவரை நடந்த வேலை

மியான்மரின் பழைய தலைநகரான பகானில், மியிங்கபா கிராமத்துக் குபியாவ்ஜி என்ற பௌத்தக் கோயிலுக்குள் படம் பிடிக்க விடமாட்டார்கள். டார்ச்சும் பென்சிலும்தான் துணை. கல் சாளரத் துளைகள் வழியாக வரும் வெளிச்சம் எந்த மூலைக்கும் போதாது. இளவரசர் ராஜகுமார் 1113 வாக்கில் கட்டியது. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளோடு இலங்கையின் பௌத்த வரலாறும் அங்கே சின்னச் சின்னக் கட்டங்களாகத் தீட்டியிருக்கிறது. அடியில் அந்நாட்டுப் பழைய மொழியான மோனில் ஒரு வரி விளக்கம். பலகையில் பிரதி எடுக்க நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கட்டம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியம் ஈரச் சுண்ணாம்பில் தீட்டியது. பூச்சு காய்வதற்குள் கையை எடுத்தாக வேண்டும். பகானில் காய்ந்த பூச்சின்மேல் பிசினில் குழைத்த வண்ணம். வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்காரும் என் போன்றவர்களுக்கு இதுதான் தோது. சுவருக்குத்தான் கேடு, தண்ணீர் பட்டால் போச்சு.

ரங்கூனில் எங்கள் தெரு அம்மன் கோயில் வேப்பமரத்தில் பிசின் சேகரித்தேன். ராத்திரி ஊறவைத்துக் காலையில் துணியில் வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் பட்டைத் தூள் தூரிகையில் சிக்கும். செங்காவியோடு குழைத்துப் பூசிக் காய்ந்ததும் விரலால் தேய்த்துப் பார்ப்பேன். சிவப்பு விரலில் ஒட்டினால் பிசின் பற்றவில்லை. பளபளவென்று மின்னி, ஓரம் சுருண்டு எழும்பினால் கூடிவிட்டது. நடுவில் ஒரு பதம் இருக்கிறது. மங்கலாக, ஆனால் இறுக்கமாக நிற்கும். காவிக்கு அது கைவந்துவிட்டது. விளக்குக்கரி மட்டும் தண்ணீரில் கலக்காமல் மிதந்துகொண்டு அடம்பிடிக்கிறது. முதலில் கரியில் பிசினை ஊற்றி அம்மியில் அரைத்தால் வழிக்கு வருகிறது.

பகானிலேயே ‘வெட்கியின்’ என்ற கிராமத்திலும் குபியாவ்ஜி என்றே ஒரு கோயில் உண்டு. 1899இல் தோமன் என்ற ஜெர்மானியர் அங்கே ஓவியங்களைச் சுவரோடு அறுத்தெடுத்துப் போனார். ஒரு கட்டத்தைப் பிரதி எடுக்கவே இவ்வளவு பாடு என்றால், ரம்பத்தோடு வந்தவரை என்ன சொல்வது!

உருவங்களும் மரங்களும் முடிந்தன. மிச்சம் அந்த மோன் வரிதான். பல்லவ கிரந்த வழி வந்த உருண்டை எழுத்து. தூரிகை வளைவில் தடுமாறுகிறது. இதே மியிங்கபாவில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. மலைமண்டலத்து (கேரளப் பகுதி) குலசேகர நம்பி, நானாதேசி விண்ணகர் என்ற வணிகர்களின் திருமால் கோயிலுக்கு மண்டபமும் விளக்கும் கொடுத்த செய்தி. இப்போது அதைத்தான் தூரிகையால் எழுதிப் பழகுகிறேன். அதில் பிசகினால் எனக்குத் தெரியும். மோனில் பிசகினால் தெரியாது.