ஜேதவனம்: தாரை வார்த்துக் கொடுத்த தோப்பு

ஸ்ராவஸ்தி போகிறவர்கள் சகேத்தையும் மகேத்தையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பார்கள். மகேத் பழைய நகரம், சகேத்தான் புத்தர் தங்கிய தோப்பான ஜேதவனம். காலை முழுவதையும் சகேத்துக்கே ஒதுக்குங்கள். லக்னோவிலிருந்து கோண்டா வரை ரயில், பிறகு பல்ராம்பூர் வழியாகச் சாலை. ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். பிப்ரவரி தேவலை.

ராஜகிருகத்தில் புத்தரைக் கண்டு திரும்பிய ஸ்ராவஸ்தி வணிகர் சுதத்தர் (அவர் பட்டப்பெயர் அநாதபிண்டிகர், என்றால் ஆதரவற்றோர்க்குச் சோறிடுபவர்) புத்தர் தங்குவதற்குத் தேடியது ஊருக்கு ரொம்பத் தூரமும் இல்லாத, பக்கமும் இல்லாத, இரவில் சந்தடியற்ற இடம். தோப்புக்குச் சொந்தக்காரரான ஜேத இளவரசர், "கோடிப் பொன் பரப்பினாலும் கொடுக்க மாட்டேன்" என்றார். வாய்தவறி விலை சொன்னதாக ஆகிவிட்டது. விற்றது விற்றதுதான் என்று நியாயத்தாரும் தீர்ப்பளித்தார்கள். வண்டிவண்டியாகப் பொன் வந்தும் வாசலருகே கொஞ்சம் இடம் மூடாமல் நின்றது. அதை ஜேதரே கொடுத்து அங்கே வாயில்மாடம் கட்டினார்.

கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திலுள்ள இந்தக் காட்சியைக் காட்டும் பார்ஹுத் ஸ்தூபிச் சிற்பத்தை முதலில் பார்த்துவிட்டு வந்தால் இடம் நன்றாகப் பிடிபடும். அவிழ்த்துவிட்ட மாடுகள், தரையில் சதுரக் காசுகள், நடுவே கெண்டியுடன் அநாதபிண்டிகர். நம்மூரில் தாரை வார்ப்பது போலத்தான். பெற்றுக்கொண்டது புத்தர் என்ற தனி மனிதர் அல்ல. வந்த, இனி வரப்போகும் துறவிகள் எல்லோரும் சேர்ந்த நாற்றிசைச் சங்கம்.

புத்தர் தங்கிய குடில் இருந்த இடமான கந்தகுடியில் செருப்பைக் கழற்றிவிடுங்கள். வெளிநாட்டு யாத்திரிகர்கள் செங்கல்லில் தங்க ரேக்கு ஒட்டியிருப்பார்கள். ரேக்கு காற்றில் பறக்கும், ஈரவிரலில் ஒட்டிக்கொள்ளும். தயவுசெய்து நீங்கள் ஒட்டாதீர்கள், பழைய செங்கல் பாழாகிறது. அந்தச் செங்கலும் புத்தர் காலத்ததல்ல. பிற்காலத்தில் மேன்மேலும் கட்டியது. ஏழடுக்காக இருந்த விகாரை, எலி கவ்விப்போன விளக்குத்திரியால் எரிந்ததாகச் சீன யாத்திரிகர் ஃபாஹியான் எழுதியிருக்கிறார்.

அடுத்து புத்தரின் இன்னொரு குடிலான கோசம்பகுடி, ஆனந்தபோதி என்ற அரச மரம். மரத்தடியில் உட்காருவதானால் பிரார்த்தனைக் கூட்டங்கள் வருமுன் போய்விடுங்கள். புத்தர் இந்தத் தோப்பில் 19 மழைக்காலம் தங்கினார்.

19ஆம் எண் விகாரையைப் பலர் பார்க்காமலே திரும்புகிறார்கள். கன்னோசி அரசர் கோவிந்தசந்திரர் 1130இல் ஜேதவனச் சங்கத்துக்கு ஊர்களை எழுதிவைத்த செப்பேடு கிடைத்தது அங்கேதான். இதுதான் ஜேதவனம் என்பதை உறுதிசெய்ததும் அதுவே.

மாலையில் மகேத். அநாதபிண்டிகர் வீடு என்று சொல்லப்படும் கச்சி குடி, எதிரே பக்கி குடி என்ற இரண்டு செங்கல் இடிபாடுகளும் போதும்.