ஓரங்கட்டச் சொன்ன பிறகு

பைக்கில் பார்சலும் கடிதக் கட்டும் கொண்டு சேர்ப்பது பல வருடங்கள் என் வேலையாக இருந்தது. இப்போது அதே வேலைக்கு வரும் புதியவர்களுக்குச் சாலையில் ஓட்டப் பழக்குகிறேன். முதல் வாரத்தில் அவர்கள் கேட்பது மழையைப் பற்றியோ லாரியைப் பற்றியோ இல்லை. "போலீஸ் மறிச்சா என்ன பண்றது?" என்பதுதான். கேட்கும்போதே குரலில் பாதி பயம், பாதி கோபம். இதுவரை ஒரு தடவைகூட மறிக்கப்படாத பையனிடமும் அந்தக் கோபம் இருக்கும். மூத்தவர்கள் சொன்ன கதைகளில் இருந்து வாங்கிக்கொண்டது அது.

அந்தக் கதைகளை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். அடுத்த பார்சல் வரும்வரை ரைடர்கள் கூடி நின்றால் பேச்சு அங்கேதான் போகும். அபராதத் தொகையை யாரும் நீட்டிப் பேசமாட்டார்கள். "எதுக்கு நிறுத்துனாருன்னே சொல்லல, நேரா வந்து சாவிய உருவிட்டாரு" என்பார்கள். "வாயத் திறக்குறதுக்குள்ள பேசாதேன்னுட்டாரு" என்பார்கள். பணம் கட்டியது மறந்துபோயிருக்கும். எத்தனை பேர் பார்க்க அது நடந்தது என்பது அப்படியே நினைவில் இருக்கும்.

சாவியை உருவுவது எனக்கும் நடந்திருக்கிறது. சரிவான இடம். பின்னால் பெட்டி நிறைய சரக்கு. வண்டி இன்னும் கியரில்தான் இருந்தது, சைடு ஸ்டாண்டைத் தட்டக்கூட நேரமில்லை. ஒரு கை குறுக்கே வந்து சாவியை எடுத்துக்கொண்டது. இன்ஜின் நின்ற குலுக்கலில் வண்டி என் காலின் மேல் சாய்ந்தது. முழு எடையையும் தாங்கிக்கொண்டு லைசென்ஸையும் இன்சூரன்ஸையும் எடுத்து நீட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. சாவி டேங்க்கின் மேல் வந்து விழுந்தது. "என்ன காரணம் சார்?" என்று கேட்டேன். அவர் அதற்குள் அடுத்த வண்டியை மறிக்கப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அபராதமே இல்லை. ஆனாலும் நாள் முழுக்க மனம் கொதித்தது.

என்னுடன் வேலை பார்த்த ஒருவர் சொல்லும் கதை வேறு மாதிரி. பின் விளக்கு எரியாமல் போய்க்கொண்டிருந்தார். பைக்கிலேயே வந்த ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் பக்கவாட்டில் சேர்ந்து கைகாட்டி, "இங்க வேண்டாம், ஜல்லியா கெடக்கு. கொஞ்சம் முன்னாடி சமமா இருக்கு, அங்க நிறுத்துங்க" என்றிருக்கிறார். நிறுத்தியதும் முதல் வார்த்தையே காரணம். "பின் லைட் எரியல. நீங்க பிரேக் புடிக்கிறது பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது." அபராதச் சீட்டை எழுதித்தான் கொடுத்தார், சலுகை எதுவும் காட்டவில்லை. ஆனால் நண்பர் அதை இன்றுவரை மரியாதையோடு சொல்கிறார்.

அந்த ஜல்லி விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பைக் ஓட்டாதவர்களுக்கு அது புரிவதில்லை. கார் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். பைக்குக்கு நிற்கும் இடம் முக்கியம். வளைவு முடியும் இடத்தில் ஒருவர் திடீரென்று குறுக்கே காலெடுத்து வைத்தால், சாய்ந்து வரும் வண்டியில் முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்க முடியாது. பிடித்தால் முன் சக்கரம் வழுக்கும். ஈரத்தில் சாலைக்கோட்டின் பெயிண்ட் மேல் டயர் ஏறினால் பிடிமானம் இன்னும் குறையும். மண் இளகிய ஓரத்தில் சைடு ஸ்டாண்டு உள்ளே புதைந்து, நிறுத்திய வண்டியே சாய்ந்து விழும். மறிக்கும் அதிகாரி இதை அறிந்தவர் என்றால் தூரத்திலேயே கை காட்டுவார், நேரான சாலையில் நிற்பார். அவருக்கு இது தெரியும் என்பது வண்டி ஓட்டுகிறவனுக்கு அந்த நொடியே புரிந்துவிடும். அவன் தோள் தளர்வதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பிரிட்டனில் போலீஸ்காரர்களே பைக் ஓட்டிகளோடு சேர்ந்து ஓட்டி, அவர்கள் ஓட்டும் விதத்தைப் பார்த்துக் குறைகளைச் சொல்லித்தரும் பைக்சேஃப் என்ற திட்டம் இருக்கிறது. இது எல்லா இடத்திலும் வரவேண்டும் என்பது என் ஆசை.

ஹெல்மெட் விஷயத்திலும் இதே கதைதான். அது போலீஸ்காரருக்காகப் போடுவது என்று நினைக்கும் ரைடர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோதனை நடக்கும் இடம் தாண்டியதும் கழற்றி கைப்பிடியில் மாட்டிவிடுவார்கள். அவர்களுக்கு நான் ஹ்யூ கெய்ர்ன்ஸ் பற்றிச் சொல்வேன். அவர் மூளை அறுவை நிபுணர். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ் 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டபோது, அவரைக் காப்பாற்ற முயன்ற மருத்துவர்களில் ஒருவர். அப்புறம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் பைக் ரைடர்கள் தலையில் அடிபட்டுச் சாவதைப் பார்த்து, ஹெல்மெட் போட்டவர்களின் காயங்களை ஆராய்ந்து 1941இல் ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டு அந்த ரைடர்களுக்கு ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் பொதுமக்களுக்குச் சட்டமாக வந்தது 1973இல்தான். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஹெல்மெட் உயிரிழப்பை ஏறக்குறைய 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகத் தெரிந்தது. ஆக, இந்த விதி நம்மைப் போலப் பை சுமந்து பைக்கில் போனவர்கள் செத்ததில் இருந்து வந்தது. இதைச் சொன்னால் பையன்கள் அமைதியாகக் கேட்கிறார்கள். "ரூல்னா ரூல்" என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

காரணம் சொன்னால் மனம் மாறுமா என்று சாலையிலேயே சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், லொரெய்ன் மசெரோல் தலைமையிலான ஆய்வாளர்கள் போலீஸோடு சேர்ந்து இதைச் செய்தார்கள். குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று வண்டிகளை நிறுத்திப் பார்க்கும் 60 சோதனைகளை எடுத்துக்கொண்டு, பாதியை வழக்கம்போல நடத்தினார்கள். மற்ற 30இல், ஏன் நிறுத்தினோம், யாரையும் குறிவைத்து நிறுத்தவில்லை என்று விளக்கி, ஓட்டுகிறவரின் கருத்தையும் கேட்டு, நன்றி சொல்லி அனுப்பினார்கள். அதற்கு ஆன கூடுதல் நேரம் ஒன்றிரண்டு நிமிடங்கள்தான். அப்படி நிறுத்தப்பட்டவர்கள், போலீஸ் நியாயமாகவும் மரியாதையாகவும் நடந்ததாக மற்றவர்களைவிட அதிகம் சொன்னார்கள்.

பின்பு ஸ்காட்லாந்தில் போக்குவரத்துப் போலீஸை வைத்து இதையே செய்து பார்த்தபோது விளைவு தலைகீழாக வந்தது. மக்களின் நம்பிக்கை கூடவில்லை, கொஞ்சம் குறைந்தது. ஏன் என்று அதிகாரிகளிடமே பேசிப் பார்த்தார்கள். மேலிடம் இதைச் சரியாக விளக்காமல் தங்கள் தலையில் கட்டிவிட்டதாக அவர்கள் உணர்ந்திருந்தார்கள். தங்கள் துறையே தங்களை நியாயமாக நடத்தவில்லை என்ற வருத்தமும் அவர்களுக்கு இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அலுவலகம்தான் ஞாபகம் வந்தது. "இத்தனை மணிக்குள்ள போய்ச் சேரணும்" என்று போனில் நெருக்குவார்கள். அந்த நேரத்துக்குள் போகவேண்டும் என்றால் எங்காவது வேகத்தைக் கூட்டியே ஆகவேண்டும் என்பது சொல்பவருக்கும் தெரியும். பிடிபட்டால் "அது உன் பொறுப்பு" என்பார்கள். அந்த எரிச்சலோடு சிக்னலுக்கு வருகிற ரைடர், தன் மேலதிகாரியிடம் வசவு வாங்கிவிட்டு வெயிலில் நிற்கும் ஒருவரைச் சந்திக்கிறார். இருவருக்கும் தலைக்கு மேல் கூரை கிடையாது. ஒரே புகையைத்தான் நாள் முழுக்க மூச்சில் இழுக்கிறார்கள். காருக்குள் இருப்பவருக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. ஆனால் இதைத் தெரிந்த இருவர்தான் ஒருவர் மேல் ஒருவர் பாய்கிறார்கள். எல்லாத் தவறும் இரு பக்கமும் சரிபாதி என்று நான் சொல்லவரவில்லை. அதிகாரம் சீருடை பக்கம் இருக்கிறது, அதனால் பொறுப்பும் அங்கே கூடுதல். காரணம் சொல்லாமல் சாவியைப் பிடுங்குவதற்கு எந்த வேலைச்சுமையும் சாக்கு ஆகாது.

பயிற்சியில் நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். கை காட்டியதும் கண்ணாடியில் பின்னால் பார், இண்டிகேட்டர் போடு. சமதளமாகப் பார்த்து நிறுத்து. இன்ஜினை நீயே அணைத்துவிடு, சாவியைப் பிடுங்கும் பேச்சே எழாது. ஹெல்மெட்டைக் கழற்றிவிடு. முகம் தெரியாதவனோடு பேச எவருக்கும் தயக்கம் இருக்கும், போலீஸ்காரருக்கும்தான். பையில் கை விடுவதற்கு முன் "லைசென்ஸ் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடு. ஏன் நிறுத்தினார்கள் என்று அமைதியாகக் கேள், கேட்பதில் தப்பே இல்லை. அபராதம் சரியில்லை என்று தோன்றினால் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு முறைப்படி எதிர்த்துக்கொள், சாலையோரத்தில் சண்டை வேண்டாம்.

எங்கள் வகுப்புக்கு ஒரு டிராஃபிக் போலீஸ்காரரை அழைத்துவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். உரையாற்ற அல்ல. பெட்டி கட்டிய வண்டியில் ஏறி எங்களோடு ஒரு நாள் டெலிவரிக்கு வரட்டும். அடுத்த நாள் எங்கள் பையன்கள் இரண்டு பேர் அவரோடு சந்திப்பில் நிற்கட்டும், அவர் எப்படி மறிக்கிறார், ஒவ்வொரு வண்டிக்காரரும் அவரிடம் என்ன பேசுகிறார் என்று பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அனுமதி இன்னும் வரவில்லை. மறுபடியும் எழுதிப் போட்டிருக்கிறேன்.