ஒருமுறை இடித்த மண்ணை மறுபடி இடிக்காதீர்கள்

மண் பரிசோதனைக் கூடங்களில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மண்ணை வெவ்வேறு ஈரத்தில் அச்சிலிட்டு இடித்து, எந்த ஈரத்தில் மிக இறுக்கமாகப் படிகிறது என்று பார்ப்பதுதான் பிராக்டர் சோதனை. அதில் ஒருமுறை இடித்த மண்ணையே உதிர்த்து, தண்ணீர் தெளித்து, திரும்பத் திரும்ப இடிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கிடைக்கும் ஈரம்-அடர்த்தி வளைகோடு, நொறுங்கிப்போன வேறொரு மண்ணுடையது.

ஜப்பானின் ஹொக்கைடோத் தீவைப் பாருங்கள். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் சிக்கோட்சு எரிமலை கக்கிய நுரைக்கல் மண் அங்கே நிறைய உண்டு. மணிகளுக்குள்ளேயே துளைகள் இருப்பதால் ரோலர் ஏறினால் பொடியாகும். அங்கே சப்போரோ நகரின் சதொசுக்கா பகுதியில் ஒரு பள்ளத்தை எரிமலை மண்ணால் நிரப்பிக் குடியிருப்பு அமைத்தார்கள். 2018 செப்டெம்பர் 6 அதிகாலை நிலம் நடுங்கியபோது, நீரில் ஊறியிருந்த அந்த நிரப்பு மண் குழம்பாகி, பழைய பள்ளத்தின் வழியே ஓடியது. மேலே வீதி அமிழ்ந்தது, வீடுகள் சாய்ந்தன.

இத்தகைய மண்ணை எப்படிச் சோதிக்கிறார்கள்? இடித்துச் செய்த உருளையை ரப்பர் உறையிலிட்டு, நீர் நிறைத்து, வடியும் வழியை அடைத்துவிட்டு, மாறி மாறி அழுத்தியும் இழுத்தும் பார்க்கிறார்கள். வெளியேற முடியாத நீரின் அழுத்தம் சுற்றுக்குச் சுற்று ஏறும். சுற்றிலுமுள்ள அழுத்தத்தை அது எட்டினால் மணிகளுக்கிடையே பிடிப்பே இராது. 20 சுற்றுகளில் 5 சதவீத விகாரத்தை (உருளையின் உருமாற்றத்தை) உண்டாக்கும் தகைப்பு விகிதத்தையே, அதாவது சுற்றிலுமுள்ள அழுத்தத்தோடு ஒப்பிட்ட மாறுவிசையின் அளவையே, பலமாகக் கொள்கிறார்கள். உலர் அடர்த்தி (நீரைக் கழித்த மண்ணின் அடர்த்தி) மாறாவிட்டாலும், எவ்வளவு ஈரத்தில் இடித்தோம், எவ்வளவு நொறுங்கியது என்பதற்கேற்ப இந்தப் பலம் மாறும். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

நம் இலங்கை மலையகத்தில் எரிமலை மண் இல்லை. நைஸ், சார்னோகைட் பாறைகள் உக்கிய மண். நிலநடுக்கமும் அரிது. ஆனால் கினிகத்தேனைப் பக்கம் வீதியோரம் வெட்டிய மண்ணைக் கையிலெடுத்து, அதிலுள்ள வெள்ளைக் கட்டியை நசுக்குங்கள், மாவாகிவிடும். அதையே பலமுறை இடித்தால் உச்ச அடர்த்தி பொய்யாக உயரும். அந்த எண்ணை எட்டுவதற்காகக் களத்தில் ரோலரை மேலும் மேலும் ஓட்டுவார்கள். மண் இன்னும் பொடியாகும், நீர் வடிவது குறையும். வடிகான் அடைபட்டுப் பெருமழையும் பிடித்துக்கொண்டால், அந்த மேட்டுக்குக் கீழே இருப்பவை நம் தோட்டத்து லயக் குடியிருப்புகள்.

ஆகவே வளைகோட்டின் ஒவ்வொரு ஈரப் புள்ளிக்கும் புதிய மண் எடுங்கள். மூட்டை கூடும், தூக்குவது சிரமம், மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார். பரவாயில்லை. இடிப்பதற்கு முன்பும் பின்பும் 75 மைக்ரோன் சல்லடையில் கழுவிச் சலித்து, எவ்வளவு நொறுங்கியது என்று தெரிய, கீழே இறங்கிய பொடியின் சதவீதம் இரண்டையும் அறிக்கையில் எழுதுங்கள்.