ஐந்தடி நாலங்குல மெழுகுவர்த்தி

அம்மா நேர்ந்துகொண்டது ஜனவரியில். அப்பா இறந்தது மார்ச்சில், சாம்பல் புதன் கழிந்த இரண்டாவது வாரம். அதற்குப் பிறகும் அந்த நேர்ச்சை எங்கள் வீட்டில் உயிரோடு இருந்ததுதான் எனக்குச் செரிக்கவில்லை.

அப்பா எழுந்து நடமாடினால், அவர் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியோடு இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் கோவிலுக்கு நடந்தே வருகிறேன் என்பது நேர்ச்சை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவரை அவருடைய டேப்பை வைத்தே அம்மா அளந்தார். அப்பா தையல்காரர். புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டிருந்தவர்களிடம் தொழில் படித்தவர். நாற்பது வருடம் மதுரைக்காரர்களின் தோளையும் இடுப்பையும் அளந்த மனிதர், தன்னை யாரோ அளக்கிறார்கள் என்று தெரிந்ததும் கண்ணைத் திறந்து, "கழுத்தில் அரை அங்குலம் தளர்த்தி வை" என்றார். அவர் அடித்த கடைசிக் கிண்டல் அது. ஐந்தடி நாலங்குலம் இருந்தார்.

எழுந்து நடமாடவில்லை. ஆகவே நேர்ச்சையும் இல்லை என்று நான் கணக்கு முடித்துவிட்டேன். மே மாதக் கடைசியில் அம்மா, ஜூன் மாத முதல் வெள்ளியை மனத்தில் வைத்து, "தலைவெள்ளி ஆறாம் தேதி வருகிறது, மெழுகுவர்த்திக்குச் சொல்லிவிட்டேன்" என்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

"எதற்கு அம்மா? கேட்டதை ஆண்டவர் கொடுக்கவில்லையே."

"கொடுத்தால் வருகிறேன் என்று பேரம் பேசியது என் வாய். அதற்கு அவர் என்ன செய்வார்? வருகிறேன் என்று சொன்னது சொன்னதுதான்."

அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு நான் கோவிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அது அம்மாவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த ஆண்டு, 2025, கத்தோலிக்கத் திருச்சபையின் யூபிலி ஆண்டு. எந்தக் கோவில் வாசலைப் பார்த்தாலும் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று பேனர் தொங்கியது. அம்மாவுக்கு 'எதிர்நோக்கு' என்ற அந்தச் சொல்லோடு ஒரு சண்டை. அவர் சிறுமியாக இருந்தபோது மனப்பாடம் செய்தவை விசுவாச மந்திரம், நம்பிக்கை மந்திரம், தேவசிநேக மந்திரம். பிறகு வந்த மொழிபெயர்ப்பில் விசுவாசம் இருந்த இடத்துக்கு நம்பிக்கை வந்து உட்கார்ந்தது, நம்பிக்கை எதிர்நோக்கு ஆகிவிட்டது. "பஸ்ஸுக்குக் காத்து நிற்பது போல இருக்கிறது" என்பார். எனக்கு அப்போது பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மெழுகுவர்த்தி தூக்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் போனேன்.

மதுரையிலிருந்து 36 கிலோமீட்டர். அறுபத்து நான்கு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. வீட்டு வாசலிலிருந்து நடந்தே தீருவேன் என்றவரை, திருப்புவனம் வரைக்கும் பஸ், அங்கிருந்து நடை என்று இறக்கிக் கொண்டுவர எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ஆண்டவர் கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்க மாட்டார் என்றேன். "நான் பார்ப்பேன்" என்றார். கடைசியில் குறைகிற தூரத்தை ஓரியூர் புனிதர் அருளானந்தர் பெயரில் கடனாக எழுதிக்கொண்ட பிறகுதான் சம்மதித்தார். அந்தக் கடன் இன்னும் நிற்கிறது.

மாட்டுத்தாவணியில் அதிகாலை மூன்று மணி. பஸ் வரவில்லை. அம்மா செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றார். பத்து நிமிடம் கழித்து, ஏதோ எங்களுக்குள் பாதியில் விட்ட பேச்சைத் தொடர்வது போல, "வரும் என்று தெரிந்துதானே நிற்கிறோம். அந்தப் புது வார்த்தையும் ஒன்றும் மோசம் இல்லை" என்றார்.

பஸ் வந்தது. தவறு செய்தது நான்தான். இரண்டு விரல் பருமன், ஐந்தடி நாலங்குலம். அதைச் சீட்டுகளுக்கு நடுவில் எங்கே வைப்பது? எல்லாரும் மிதிப்பார்கள் என்று டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மூடியின் மேல் சாய்த்துவைத்தேன். திருப்புவனத்தில் இறங்கி எடுத்தால், நடுவில் வளைந்துபோய் வில்லாக இருந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையைச் சொல்ல முடியாது. அம்மா திட்டுவார் என்று பார்த்தேன். "உடையவில்லையே, நட" என்றார்.

அங்கிருந்து எத்தனை ஆயிரம் 'அருள்நிறை மரியே' சொன்னோமோ தெரியாது. அம்மா இடையிடையே தன்னை மறந்து 'பிரியதத்தத்தினாலே பூரண மரியே' என்று அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்த பழைய செபத்துக்குப் போய்விடுவார். நான்கு வழிச்சாலை. லாரி ஒவ்வொன்றும் காற்றால் எங்களைத் தள்ளிவிட்டுப் போகிறது. ஆற்றுப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் வெளுத்தது. ஏழு மணிக்கே வெயில் தோளைக் கடித்தது. திருப்பாச்சேத்தி தாண்டுவதற்குள், எஞ்சின் தொடங்கிய வேலையைச் சூரியன் முடித்துவிடும் போல இருந்தது. மெழுகு கையில் பிசுபிசுத்தது.

சாலையோர டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் அம்மாவின் காலையும் என் கையிலிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்தச் சாமிக்கு ஆத்தா?"

"இடைக்காட்டூர் ஆண்டவருக்கு."

"எங்கள் இடைக்காடர் ஊர்தானே" என்று சிரித்தார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் சித்தர் கதையைச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அவர் சொன்ன விதம் வேறு. பன்னிரண்டு வருடப் பஞ்சம் வரப்போகிறது என்று இடைக்காடருக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஊரில் யாரும் நம்பவில்லை. அவர் ஆடுகளுக்கு எருக்கிலை தின்னப் பழக்கினார். குருவரகை மண்ணோடு குழைத்துக் குடிசைக்குச் சுவர் வைத்தார். பஞ்சம் வந்தது. எருக்கிலை தின்ற ஆடுகள் உடம்பு அரிப்புக்குச் சுவரில் உரச, மண்ணோடு வரகு உதிர்ந்தது. ஆட்டுப்பாலில் அதைக் காய்ச்சிக் குடித்து உயிரோடு இருந்தார். இவன் எப்படிச் சாகவில்லை என்று பார்க்க நவக்கிரகங்களே இறங்கி வந்தன. அவற்றுக்கும் அதே கஞ்சியை ஊற்றினார். உண்ட களைப்பில் அவை தூங்கியபோது இடத்தை மாற்றிப் படுக்கவைத்தார். மழை வந்தது.

அம்மா கிரகங்களைக் கண்டுகொள்ளவில்லை. அவர் மனம் சுவரிலேயே நின்றுவிட்டது. "நன்றாக விளைகிற காலத்தில் எடுத்துச் சுவருக்குள் வைத்தார் பார்" என்று அடுத்த மூன்று கிலோமீட்டரும் சொல்லிக்கொண்டு வந்தார்.

கிளம்பும்போது கடைக்காரர் பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். வாழைத்தோட்டத்திலிருந்து ஓர் இளைஞர் நீளமான வாழைப்பட்டைகளை உரித்துக்கொண்டு வந்தார். வாய்க்கால் தண்ணீரில் முக்கி, மெழுகுவர்த்தியின் இரு பக்கமும் பொருத்தி, மல்லிகைப்பூப் பொட்டலம் கட்டுவது போல நாரால் கட்டிக் கொடுத்தார். காசை நீட்டினேன். "சாமி காரியம்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பதினொரு மணி ஆகப்போகும்போது கோபுரங்கள் தெரிந்தன. வறண்ட வெளியில் அந்தக் கோவிலை முதல் தடவை பார்க்கிறவர் கண்ணைக் கசக்கிக்கொள்வார். 1894-இல் பிரெஞ்சு சேசு சபைக் குரு பெர்டினாண்ட் செல்லே கட்டியது. பிரான்சு நாட்டு ரீம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து, செங்கல்லிலும் சுடுமண்ணிலும் எழுப்பியது. பிரான்சில் நோய் தீர்ந்த ஒரு பெண் நன்றிக்காகக் கொடுத்த பணமும் இதில் சேர்ந்தது என்று சொல்வார்கள். அவளுக்குத் தீர்ந்தது, சரி என்று நினைத்துக்கொண்டேன். அன்றைய என் மனநிலை அப்படி.

வாசலைப் பற்றிப் பேசாமல் இருந்தால் பொய் சொன்னவன் ஆவேன். தலைவெள்ளிக் கூட்டம் ஒரு பக்கம். கல்யாணத்துக்கு முந்திய படப்பிடிப்புக்கு வந்த ஒரு ஜோடி மறு பக்கம். அந்தப் பெண்ணின் பாவாடை விரிப்பைச் சுற்றிக்கொண்டு வயதானவர்கள் போக வேண்டியிருந்தது. ஐந்தடி மெழுகுவர்த்தியைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறவனின் சட்டையைப் பிடித்து இழுத்து, "மெழுகுவர்த்தி வாங்குங்கள் அண்ணன், ஜோடி இருபது ரூபாய்" என்று கேட்கிற துணிச்சலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உள்ளே போனதும் சத்தம் கழன்றுவிட்டது. அம்மா செருப்பில்லாத காலோடு பீடத்தை நோக்கி நடந்தார். சுவரோரமாகப் போகும்போது செங்கல்லை ஒருமுறை தடவி, "இதற்குள் என்ன வைத்துப் பூசினார்களோ" என்றார்.

சுரூபத்துக்கு முன்னால் நாரை அவிழ்த்தோம். பட்டைக்குள் மெழுகுவர்த்தி உருகவில்லை. ஆனால் அந்த வளைவு அப்படியே இருந்தது, மேல்பாதி முன்னால் குனிந்து. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அம்மா அதைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கையால் வளைந்த இடத்தைத் தடவிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் அப்பாவைக் கழிப்பறைக்கு நடத்திக்கொண்டு போகும்போது அவர் முதுகில் அந்தக் கை அங்கேதான் இருக்கும்.

"கடைசி மாதம் இவரும் இப்படித்தானே குனிந்து போயிருந்தார்" என்றார். "சரியாகத்தான் கொண்டுவந்திருக்கிறாய் தம்பி."

பிறகு நிமிர்ந்து ஆண்டவரைப் பார்த்து, "கொண்டு வந்துவிட்டேன். இனி இவரை நீர் பார்த்துக்கொள்ளும்" என்றார். அவ்வளவுதான் செபம். அழவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை.

நான்தான் உடைந்துபோனேன். திரு இருதய சுரூபம் எல்லா வீட்டிலும் மாட்டியிருக்கிற படம் போலத்தான், புதிதாக ஒன்றும் இல்லை. முள் சுற்றிய இருதயம், அதன் மேல் நெருப்பு, அதைச் சுட்டும் கை. சிறுவயதில் எனக்கு அது பயம். அன்று தோன்றியது வேறு. மூன்று மாதமாக நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் இங்கே பாருங்கள், இங்கேதான் வலிக்கிறது என்று காட்டிக்கொண்டு திரிந்தேன். அவரும் அதையேதான் காட்டிக்கொண்டு நிற்கிறார். எங்கள் அப்பாவை ஏன் எழுப்பவில்லை என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் முழங்கால் போட இடம் கொடுத்தது.

அங்கே முழங்காலில் இருந்தபோது ஏனோ ரீம்ஸ் ஞாபகம் வந்தது. 1914 செப்டம்பரில் குண்டு விழுந்து அந்தப் பேராலயத்தின் கூரை எரிந்தது. கூரையிலிருந்த ஈயம் உருகி, மழைநீர் வடிவதற்காக வைத்த கல் உருவங்களின் வாய் வழியாக வழிந்தது. 1938-இல்தான் சீரமைத்துத் திறந்தார்கள். அங்கே கருகி நின்ற அந்த வருடங்களில் எல்லாம் இங்கே வைகைக்கரை வெயிலில் அதன் சாயல் பூசை கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அன்று யாருக்கெல்லாம் நன்றி சொன்னேன் என்று வரிசையாகச் சொல்ல முடியாது. வாழைப்பட்டை உரித்தவருக்கு, பட்டையை நனைத்த வாய்க்காலுக்கு, இடைக்காடரைச் சொன்ன டீக்கடைக்காரருக்கு, உடையாமல் வளைந்த மெழுகுக்கு, அம்மாவின் முழங்காலுக்கு, இரவெல்லாம் அப்பாவின் பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு விசிறிக்கொண்டே அவருக்கும் விசிறிவிட்ட அந்தப் பெயர் தெரியாத அம்மாவுக்கு, அப்பாவுக்கு, அப்பா தைத்து நான் அன்று போட்டிருந்த சட்டைக்கு, அதன் கழுத்தில் அவர் எப்போதும் விடுகிற அரை அங்குலத் தளர்வுக்கு. இருதய ஆண்டவரே, எல்லாவற்றுக்கும்.

மெழுகுவர்த்திகளை வெளியே ஏற்றும் இடத்தில் மணலில் ஊன்றினோம். வளைந்ததால் நிற்க மாட்டேன் என்றது, செங்கல் அண்டை கொடுத்தோம். "வைத்துவிட்டுப் போங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் வந்தார். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று திருத்தலங்களுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். நாம் திரும்புவதற்குள் அணைத்து எடுத்து, மறுபடி விற்பனைக்கு. அம்மா மணல் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றார். மாலை வரை உட்கார்ந்தார். நானும். நாலு மணிக்கு ஓரடிதான் குறைந்திருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மடியில் ஸ்கேன் படம் வைத்த பெரிய உறை. வீட்டுக்காரருக்குத் தலையில் கட்டி, திங்கட்கிழமை ஆபரேஷன் என்றாள். எங்கள் மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் யாருக்காக நேர்ந்துகொண்டீர்கள் அம்மா? குணமாகிவிட்டாரா?" என்று கேட்டாள்.

நான் தரையைப் பார்த்தேன். ஆம் என்று ஒரு சொல் சொல்லிவிடலாம், அவளுக்கும் அது போதும்.

"இல்லை அம்மா. மார்ச்சில் போய்விட்டார்" என்றார் அம்மா.

அந்தப் பெண்ணின் முகம் கறுத்துவிட்டது. எழுந்துகொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா பைக்குள் கைவிட்டுத் துழாவி, ஓரம் நைந்த மஞ்சள் டேப்பை வெளியே எடுத்தார்.

"உன் வீட்டுக்காரர் என்ன உயரம்?"

அவள் விழித்தாள். "தெரியாது... என்னைவிட ஒரு சாண் கூட இருப்பார்."

"அப்படியானால் எழுந்து நில். நேராக நில்லம்மா" என்றவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, கீழ்முனையைத் தரையோடு பிடி" என்றார். நான் குனிந்து அவள் குதிகாலுக்குப் பக்கத்தில் டேப்பை மணலில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.