ஸ்காடிங் வீட்டில் கோடைகால வேலை

ரொறன்ரோவின் கண்காட்சித் திடலில், ஏரிக்கரைப் பக்கமாக ஒரு மரவீடு நிற்கிறது. பெயர் ஸ்காடிங் கபின். 1794 இல் கட்டியது. நகரத்தில் இன்றும் நிற்கிற வீடுகளில் இதுதான் மூத்தது. தேசியக் கண்காட்சி நடக்கும் ஆகஸ்ட் நாட்களில் அங்கே வழிகாட்டியாக நிற்பது என் கோடைகால வேலை. வெயிலில் சுற்றிக் களைத்த சனம் நிழலுக்காக உள்ளே வரும். வந்ததும் கண் போவது பொருட்களில்தான்.

நான் அவர்களைச் சுவருக்குக் கூட்டிப் போவேன். தளபாடங்கள் பெரும்பாலும் 1830, 40களின் வாழ்க்கையைக் காட்டுவதற்காகப் பிறகு சேர்த்தவை. அந்தச் சுவர் அப்படியல்ல. உருண்டை மரத்தைக் கோடரியால் செதுக்கிச் சதுரமாக்கி, மூலைகளில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். மூலையை இறுக்கிப் பிடிப்பது மேலேயுள்ள மரங்களின் பாரம். பக்கவாட்டில் வெளிச்சம் விழும் நேரத்தில் பார்த்தால் கோடரி இறங்கிய தடங்கள் தெரியும். என்னைக் கேட்டால் வீட்டிலேயே பெறுமதியானது அந்தத் தடங்கள்தான். அவை ஸ்காடிங்கின் கைவேலை அல்ல. அப்பர் கனடாவின், அதாவது இன்றைய ஒன்ராரியோவின், அந்நாள் துணை ஆளுநர் சிம்கோவின் படையான குயின்ஸ் ரேஞ்சர்ஸ் கட்டிக் கொடுத்த வீடு இது. ஜோன் ஸ்காடிங் சிம்கோவிடம் எழுத்தராக இருந்தவர்.

“இவ்வளவு சின்ன வீடா?” என்று எல்லோரும் கேட்பார்கள். அவருக்குக் கிடைத்த காணியோ 253 ஏக்கர். டொன் ஆற்றின் கிழக்குக் கரையில், ஏரியிலிருந்து இன்றைய டான்போர்த் வீதி வரை. வீடு கட்ட வேண்டும், பாதை வெட்ட வேண்டும், அப்போதுதான் காணி அவருக்கு நிலைக்கும். அதுதான் சட்டம். 1796 இல் சிம்கோவோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். 1818 இல்தான் திரும்பி வந்தார். அப்புறம் அந்த இடத்தை ஒருவருக்கு விற்க, வீடு பண்ணையின் வெளிக்கட்டடமாகிப் பல பத்தாண்டுகள் கிடந்தது. 1879 இல், இந்தக் கண்காட்சி தொடங்கிய ஆண்டில், யோர்க் பயனியர்ஸ் என்ற வரலாற்றுச் சங்கத்தார் அதைக் கழற்றி இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதைச் செய்திராவிட்டால் எப்போதோ விறகாகியிருக்கும். அவர்களுக்கு நான் மனதார நன்றியுள்ளவன்.

ஸ்காபரோவிலிருந்து வரும் நம்மவர்கள் சுவரையும் பார்ப்பார்கள், ஆனால் பேச்சு காணியில் வந்து நிற்கும். உறுதி, எல்லை, வழக்கு எல்லாம் பட்டுத் தெளிந்தவர்கள். ஒரு அம்மம்மா பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி கேட்டார்: “காணியை இவருக்குக் குடுத்தது அரசாங்கம். சரி தம்பி, அரசாங்கத்துக்கு ஆர் குடுத்தது?”

இத்தனை பேர் வருகிற இடத்தில் அதைக் கேட்பவர்கள் மிகச் சிலர். மிஸிசாகா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து 1787 இல் வாங்கியதாகத்தான் அரசு சொன்னது. ஆனால் அந்த உறுதிப் பத்திரத்தில் நிலத்தின் விபரமே எழுதப்படவில்லை. வெற்றுத் தாள். தலைவர்களின் குலச்சின்னங்கள் வேறு துண்டுகளில் வரையப்பட்டு அதில் ஒட்டப்பட்டிருந்தன. சிம்கோவின் காலத்திலேயே இது தெரிந்துவிட்டது. ஸ்காடிங்கிடம் வீட்டைக் கட்டிக் காட்டு என்று கேட்ட அரசின் சொந்த உறுதி அந்த நிலையில் இருந்தது! 1805 இல் பத்து ஷில்லிங் கொடுத்துப் புதிதாக எழுதினார்கள். 2010 இல்தான் கனடா அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்து அந்த மக்களின் காணிக் கோரிக்கையைத் தீர்த்தது.

அம்மம்மா ஒவ்வொரு ஆண்டையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே கேட்டார். “அப்ப அந்தச் சனம் இப்ப எங்கை?” என்றார். 1847 இல் இந்த ஏரிக்கரையை விட்டுப் போய், ஹேகர்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில் குடியேறினார்கள், இன்றும் அங்கே இருக்கிறார்கள், காரில் போய்விடலாம் என்றேன். பேரன் போனை எடுத்து வரைபடத்தில் தேட ஆரம்பித்தான்.