இரண்டு சித்தூரும் ஒரே வரிசையும்

தமிழில் சித்தூர் என்று எழுதினால் அது பாலக்காட்டுச் சித்தூரா, ஆந்திரச் சித்தூரா என்பது பக்கத்தில் வரும் சொல்லை வைத்துத்தான் தெரியும். யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு ஆந்திர ஊரின் விக்கிப்பீடியா கட்டுரையில் பாரதப்புழையின் கிளையாற்றைப் பற்றி நான்கு வரி சேர்த்துவிடலாம். புதிய மாற்றங்களைப் பார்த்துச் சுற்றுக்காவல் செய்பவர், அதற்கான ஹக்கிள் என்ற மென்பொருளில் ஒரு விசையைத் தட்டினால் போதும், மாற்றம் போய்விடும். கூடவே விசமத் தொகுப்பு என்ற எச்சரிக்கையும் எழுதியவரின் பேச்சுப் பக்கத்தில் விழும். பாலக்காட்டுச் சித்தூருக்குப் பக்கத்திலுள்ள கொழிஞ்சாம்பாறைக்காரர் பார்த்திருந்தால் ஊர் மாறிவிட்டது என்று உடனே சொல்லியிருப்பார். ஹக்கிள் செய்யும் இந்த வேலையை உலாவிக்குக் கொண்டுவர முதற்காரணமே இதுதான்: எந்த மாற்றத்தை யார் பார்ப்பது என்று பங்கிட முடியும்.

2008இல் விசுவல் பேசிக்கில் வந்து, பிறகு சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் திரும்ப எழுதப்பட்ட ஹக்கிள், அவரவர் கணினியில் ஓடுவது. பார்க்க வேண்டிய மாற்றங்களின் வரிசையும் அவரவருடையது. அதை வலைச் செயலியாக்கும்போது திரையை வரைவது சின்ன வேலை. வரிசை எல்லோருக்கும் பொதுவாகும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மாற்றங்களை, அவற்றை நடக்க நடக்க அனுப்பும் விக்கிமீடியாவின் ஈவென்ட்ஸ்ட்ரீம்ஸ் ஓடையிலிருந்து எடுக்கலாம். ஒவ்வொரு உலாவியும் தனித்தனியே இணைய வேண்டாம். நமது வழங்கி (சர்வர்) ஒரே இணைப்பில் வாங்கி, தமிழ், மலையாள, தெலுங்கு விக்கிகளுக்கு உரியதை மட்டும் வடிகட்டி, உலாவிகளோடு திறந்தே இருக்கும் வெப்சாக்கெட் இணைப்பில் பரப்பட்டும். ஓடையோடு உள்ள இணைப்பு 15 நிமிடத்தில் அறுந்துவிடும். கடைசி நிகழ்வின் அடையாளத்தை வைத்திருந்து அதைக் கொடுத்தே மீண்டும் இணைய வேண்டும், இல்லையென்றால் இடைப்பட்ட மாற்றங்கள் சத்தமில்லாமல் தவறிப்போகும். சோதனைக்காக வரும் கேனரி நிகழ்வுகளையும் கழித்துவிடுங்கள்.

இருவர் ஒன்றையே பார்க்காதிருக்க, ஒருவர் மாற்றத்தைத் திறந்ததும், விக்கி அதற்குத் தரும் திருத்த எண்ணில், ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தில் ஒரு பூட்டு: ஏற்கெனவே இல்லையென்றால் மட்டும் எழுது, 90 நொடியில் தானாக அழி. திரை திறந்திருக்கும்வரை 30 நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். காலாவதி வைக்காத பூட்டு ஆபத்து. பேருந்து வாளையாறு தாண்டும்போது சிக்னல் போனால், அவர் பிடித்துவைத்த மாற்றம் யாருக்கும் கிடைக்காமல் கிடக்கும். பூட்டுக்குக் கட்டுரைத் தலைப்பைச் சாவியாக்க வேண்டாம். தலைப்பு நகர்த்தப்படலாம், 'கொ' போன்ற எழுத்து யூனிகோடில் இரண்டு குறியாகவும் வரும், மூன்றாகவும் வரும்.

'மீளமைத்தாயிற்று' என்பதைவிட 'சரியாக இருக்கிறது' என்ற தீர்ப்பைப் பகிர்வதில்தான் உழைப்பு மிச்சம். மீளமைத்தது வரலாற்றில் தெரிந்துவிடும். பார்த்து நல்லது என்று விட்டதற்குத் தடயம் இருக்காது, அதனால் பத்துப் பேரும் அதையே திறந்து பார்ப்பார்கள்.

அதிகம் கவனிக்க வேண்டியது, மீளமைக்கப் பயன்படும் முன்னிலையாக்கும் (ரோல்பேக்) கட்டளை. அது திருத்த எண்ணைக் கேட்பதில்லை. பக்கத்தையும் பயனரையும் மட்டும் கேட்டு, அந்தப் பயனர் கடைசியாகத் தொடர்ந்து செய்த எல்லாத் தொகுப்புகளையும் நீக்கும். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது அவரே தவறைத் திருத்தியிருந்தால் அந்தத் திருத்தமும் போகும். ஆகவே விசை அழுத்தியதும் வழங்கி பக்கத்தின் கடைசித் திருத்த எண்ணைக் கேட்டு, திரையில் காட்டியதோடு ஒத்துப்போனால் மட்டும் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் புது வேறுபாட்டைக் காட்டவும். நடுவில் வேறொருவர் முந்திக்கொண்டால் வரும் பிழை, பிழையே அல்ல. வரிசையிலிருந்து அமைதியாக எடுத்துவிடலாம். இந்தக் கட்டளைக்குத் தனி டோக்கன், அதாவது அனுமதிக் குறியீடு, உண்டு. தொகுப்புக்கான டோக்கனை அனுப்பினால் ஏற்காது.

உள்நுழைவு, கடவுச்சொல்லைச் செயலிக்குத் தராமல் அவரவர் விக்கிக் கணக்கிலேயே நுழைய உதவும் ஓஆத் வழியே. ஒவ்வொரு மீளமைப்பும் செய்தவர் பெயரிலேயே பதிய வேண்டும், பொதுக் கணக்கு கூடவே கூடாது.

ஓடையில் வரும் கட்டுரை நீளம் பைட் கணக்கு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற குறியேற்றத்தில் 3 பைட். ஆங்கிலத்துக்கு வைத்த '500 பைட் நீக்கம் சந்தேகம்' என்ற எல்லை தமிழில் சுமார் 166 குறி, அதாவது ஒன்றிரண்டு வாக்கியம். எல்லையை மூன்று மடங்காக்காவிட்டால் ஒழுங்காக உரை திருத்துபவர்கள்தான் மாட்டுவார்கள்.

கட்டுரையில் உள்ள எண்களை மாற்றும் தொகுப்புகளை, எது மீளமைக்கப்படக்கூடும் என்று மதிப்பிடும் மொழிசாராத கணிப்பு மாதிரியை நம்பி விட முடியாது, அது சொற்களைப் படிப்பதில்லை. திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1960ஐ ஒருவர் 1956 ஆக்கினால் பைட் கணக்கு அசையாது. முல்லைப் பெரியாற்றில் 142 அடியை 136 ஆக்குவது இன்னும் நுணுக்கம். 136 பழைய வரம்பு, 142 உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்தது. மாற்றியவர் வாதாடுகிறார், விசமம் செய்யவில்லை. அவருக்கு எச்சரிக்கை போட்டால் சண்டைதான் வளரும்.

இதற்காகவே, மீளமைக்கவும் சரி என்று விடவும் உள்ள இரண்டோடு மூன்றாவதாக ஒரு பொத்தான் வேண்டும்: 'வேறொருவர் பார்க்கட்டும்'. அழுத்தினால் பூட்டு விலகி, மாற்றம் ஒரு வரிக் குறிப்போடு வரிசைக்குத் திரும்பும். அழுத்தியவர் கண்ணில் மறுபடி படாது. மாற்றியவர் அதே கணக்கில் மலையாள, தெலுங்கு விக்கிகளில் அன்று செய்தவையும் பக்கத்திலேயே தெரியட்டும். மூன்றிலும் ஒரே எண்ணை மாற்றியிருந்தால், அடுத்துப் பார்ப்பவர் நேராகப் பேச்சுப் பக்கத்துக்குப் போய்விடுவார்.