ஷராக்கு வரைந்த முகங்கள்

ஜப்பானின் காபுகி நாடக நடிகர்களின் படங்களில் எனக்குப் பிடித்தவர் ஓவியர் ஷராக்குதான். மற்றவர்கள் நடிகர்களை அழகாகக் காட்டினார்கள். இவரோ நீள மூக்கை நீளமாகவே வரைந்தார். பெண் வேடமிட்ட ஆணின் தாடையைக்கூட மறைக்கவில்லை. 1794 மே மாதம் எடோவில் (இன்றைய டோக்கியோ) திடீரென்று வந்தார், பத்தே மாதங்களில் 140-க்கும் மேற்பட்ட படங்கள், அப்புறம் ஆளையே காணோம்.

மூன்றாம் ஓதானி ஓனிஜி, எடோபெய் என்ற அடியாளாக வரும் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். கிமோனோவிலிருந்து நீளும் கைகள் முகத்துக்குப் பொருந்தாத அளவு சின்னவை. ஆனால் பணத்தைப் பிடுங்க வந்தவன் என்பது விரித்த அந்த விரல்களிலேயே தெரிந்துவிடும்.

இவை மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட படங்கள்; இதில் ஓவியர் வேலை கொஞ்சம்தான். மெல்லிய தாளில் அவர் வரைந்ததைச் செதுக்குபவர் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு இருபுறமும் மரத்தை வெட்டி எடுப்பார். நெற்றியோர முடிக்கு ஒவ்வோர் இழையாக இதே பாடுதான். அதனால் அது மூத்த கைவினைஞரிடம் போகும். பிறகு வண்ணங்களுக்குத் தனித்தனிப் பலகைகள். தாள் நகராமலிருக்க ஒவ்வொன்றின் ஓரத்திலும் இரண்டு அடையாள வெட்டுகள். மை தடவித் தாளை வைத்து, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் முதுகில் அழுத்தித் தேய்ப்பார்கள்.

பின்னணியின் கறுத்த மினுமினுப்பு நம்மூர்க் காக்காப்பொன் தூள்தான். ஷராக்குவை முதலில் களமிறக்கியபோதே, அப்போது வெளியிட்ட 28 படங்களுக்கும் அதை இறைத்திருக்கிறார் பதிப்பாளர் ட்சுதாயா ஜூசாபுரோ. துணிச்சல்காரர்! தாளில் ஓவியர் கையெழுத்து இருக்கிறது, பதிப்பாளர் முத்திரை இருக்கிறது, தணிக்கை முத்திரைகூட இருக்கிறது. முடி செதுக்கியவர் பெயர் மட்டும் இல்லை.